வாசிக்கப்படாத பாம்பு

கார்கள் வந்து நின்றன. கதவுகள் சாத்தப்படும் சத்தமும் கேட்டது. ஆனால் ஒருவரும் அறைக்குள் வரவில்லை. ஏனென்று றெபேக்காவுக்கு விளங்கவில்லை. இறந்தவர்களைப் பார்வைக்கு வைக்கும் அஜின்கோர்ட் மலர்ச்சாலையில் அப்பா சவப்பெட்டிக்குள் கிடந்தார். அம்மா வெறும் கதிரைகளைப் பார்த்தபடி செபமாலையை உருட்டினார்.

"இவ்வளவு காலமும் உந்தச் சனத்தைக் கடைக்கும் கோயிலுக்கும் தன்ர வாகனத்திலை ஏத்தி இறக்கினவர். ஒருத்தரையும் காணேல்லை."

அப்பாவின் கூட்டாளி அகஸ்ரின் சப்பாத்துப் பனியைத் தட்டியபடி வந்தார்.

"இஞ்சையே பிள்ளை நிக்கிறியள்? மற்ற மலர்ச்சாலைக்கும் போட்டு வாறன். உன்ர காரைக் கண்டுதான் திரும்பினனான். வாசல் பலகையில தொப்பி அண்ணையின்ர பேர் இல்லை. சனம் வாசிச்சுப்போட்டு, இடம் மாறீட்டுதெண்டு போகுது."

றெபேக்கா போய்ப் பார்த்தாள். பலகையின் பட்டியலில் கடைசியாக இருந்தது, மிஸ்டர் சூசைப்பிள்ளை. அது அப்பப்பாவின் பெயர். அப்பா கனடா வந்தபோது தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயராகப் பதிவானது. பத்திரத்தில் உள்ளதைத்தான் போடலாம் என்றாள் வரவேற்பு மேசையில் இருந்தவள். மாற்றினாலும் என்ன? அப்பாவின் சொந்தப் பெயரான அமிர்தநாதர் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. கோடையிலும் கழற்றாத செம்மஞ்சள் கம்பளித் தொப்பியால் அவர் எல்லோருக்கும் தொப்பி அண்ணை.

போன கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்து, பல்கலைக்கழகப் பாடத்துக்காக ஒரு பெயரைப் பழைய எகிப்திய எழுத்தில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். அஸ்தார்த்தே.

"வேதாகமத்தில வாற அஸ்தரோத்தோ?" அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஓம் அப்பா. சிரியாப் பக்கத்தாலை எகிப்துக்கு வந்த தெய்வம்."

"எங்களை மாதிரி. கடைசியில உதென்ன பாம்பு?"

"அதை வாசிக்கிறேல்லை. பேர் வேற பாசை. எகிப்துக்காரருக்கு வெறும் சத்தம். அதாலை சத்தத்தை எழுதிப்போட்டு, பக்கத்தில பாம்பை வைப்பினம். பேர் விளங்காட்டிலும், பாம்பைக் கண்டா பெண் தெய்வமெண்டு தெரியும்."

"கெட்டிக்காரர். இல்லாட்டி அவவும் இமிகிரேசன் வரிசையில நிண்டிருப்பா."

சிரிப்பை இருமல் மூடியது.

பலகையை விட்டுக் காருக்குப் போனாள். பின்பெட்டியில் அப்பாவின் உடைமைகளை ஆஸ்பத்திரி போட்டுத் தந்த பிளாஸ்டிக் பை கிடந்தது. அவிழ்த்தாள். தொப்பியின் உள்விளிம்பில் இரண்டு நரைமயிர். எடுக்காமல் விட்டாள்.

சூசைப்பிள்ளை என்ற பெயருக்குப் பக்கத்தில், பலகையின் மூலையில் தொப்பியை மாட்டினாள்.

அடுத்த காரில் யேசுரட்ணம் குடும்பம் வந்தது. பெயர்களை வாசித்துவிட்டுத் தயங்கி நின்றது. பிறகு தொப்பியைக் கண்டார்கள். ஒருவரையும் கேட்காமல் நேரே அறைக்குள் வந்தார்கள்.