நிறம் போன தலையணை உறை

கழுவக் கழுவ எரிச்சல் கூடியதே தவிர அடங்கவில்லை. குழாயை மூடாமலே அவள் மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் இஸ்திரிப்பெட்டி பட்டதுபோல் சிவந்து கிடந்தன. வாயை அசைத்தால் தோல் இழுத்துப் பிடித்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளைப் பயமுறுத்தியது கையிலிருந்த தலையணை உறை. கருநீல உறையில் கன்னம் பட்ட இடமெல்லாம் சாயம் போய், வெளிறிய திட்டுகள்.

சலவைக்கடைக்காரர் மகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கறையைப் போக்கலாம், கிழிசலைத் தைக்கலாம். வெளுத்துப்போன நிறம் மட்டும் திரும்பி வராது. துணிக்கே இந்தக் கதி என்றால் தோலுக்கு? நாளைக்கே முகமெல்லாம் இப்படித் திட்டுத் திட்டாகிவிட்டால்?

"என்னம்மா, குழாயடியிலயே குடித்தனமா?" வெளியிலிருந்து அப்பா கதவைத் தட்டினார். "ஓட்டல் விரிப்பெல்லாம் வந்து குவியப்போகுது."

"வயித்து வலிப்பா. வரேன்."

அப்பாவின் செருப்புச் சத்தம் கடைப்பக்கம் போனது. அம்மா விரிப்புகளை எடுத்துவர வண்டியில் போயிருந்தாள். வேறு யாரிடம் சொல்வது? அவள் ஒன்றும் ஊரில் இல்லாததைச் செய்துவிடவில்லை. அடம்பிடிக்கும் கறையைக் கடையில் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தாள். பிரஷ்ஷால் பரபரவென்று தேய்ப்பார்கள், மருந்தை நன்றாக அப்புவார்கள், விடிய விடிய ஊறவிடுவார்கள். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய பருக் களிம்பை அவளும் அப்படியே அப்பினாள். போதாதென்று அலமாரியில் கிடந்த வேறொரு பரு மருந்தையும் மேலே தடவிக்கொண்டு படுத்தாள்.

அந்த இன்னொரு மருந்து அக்கா விட்டுப்போனது.

அக்கா இருந்தவரை சாயங்காலங்கள் வேறு மாதிரி இருந்தன. ஷட்டரைப் பாதி இறக்கியதும் பின்னறையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து துணி பிரிப்பார்கள். காலரையோ கையையோ தூக்கிக் காட்டி, "குண்டூசி, இது என்ன கறை சொல்லு?" என்பாள் அக்கா; தங்கைக்கு அவள் வைத்த பட்டப்பெயர் அது. காபியா, மையா, சைக்கிள் செயின் எண்ணெயா? தோற்றவர் காலுறைகளுக்கு ஜோடி தேட வேண்டும். எப்போதும் தோற்றது குண்டூசிதான். ஆனாலும் கஞ்சி வாடையும் ஆவியும் சிரிப்புமாக அந்த அறை முடியவே கூடாது என்றிருக்கும். முதல் பரு வந்த அன்று அக்கா அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, வாடிக்கையாளர் சட்டையைச் சோதிப்பதுபோல் முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள்: "உருப்படி ஒண்ணு. மூக்குல சேதம். வரும்போதே இருந்தது, கடை பொறுப்பில்ல." அப்பா வந்து அதட்டும்வரை இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வேலை கிடைத்து அக்கா வெளியூர் கிளம்பிய அன்று குண்டூசி கோபத்தில் வாசலுக்கே வரவில்லை. அதற்குப்பின் போனில் "ம்", "சரி", "வைக்கிறேன்" அவ்வளவுதான்.

இப்போது அந்த எண்ணைத்தான் அழுத்தினாள்.

"என்னடி, அதிசயமா இருக்கு! மழை கொட்டப்போகுது," என்றாள் அக்கா. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது; வேலைக்குப் போக நிறுத்தத்தில் நிற்கிறாள் போல.

"அக்கா... என் முகம் வெளுத்துரும் போலிருக்கு." அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினாள்.

அக்காவின் குரலில் கேலி போய்விட்டது. "கண்ணோ உதடோ வீங்கியிருக்கா? மூச்சு விட முடியுதா? உடம்புல தடிப்பு?"

"அதெல்லாம் இல்ல. எரியுது, சிவந்திருக்கு."

"அப்படி ஏதாவது வந்துச்சுன்னா உடனே அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு, வெக்கமெல்லாம் பாக்காதே. இப்ப நீ வாங்கின களிம்பு டப்பாவுக்குள்ள மடிச்சு வச்ச தாள் இருக்கும், எடு."

"அதைத் தூக்கிப் போட்டுட்டேன்."

"நம்ம கடைல வெளுக்கிற பவுடர் பாக்கெட்டைப் படிக்காம பிரிச்சா அப்பா விடுவாரா? துணிக்குக் குடுக்கிற மரியாதைகூட மூஞ்சிக்கு இல்லையா?"

குப்பைக்கூடையைக் கிளறித் தாளை எடுத்து, விசும்பிக்கொண்டே வாசித்தாள். பட்டாணி அளவு எடுத்து மெல்லிசாகப் பூச வேண்டும். முதலில் சின்ன இடத்தில் தடவிச் சில நாள் பார்க்க வேண்டும். கண், உதடு, புண் பக்கம் படக்கூடாது. வேறு பரு மருந்தைச் சேர்த்துப் போடக்கூடாது. எரிச்சல் அதிகமானால் நிறுத்த வேண்டும். வெயிலில் போனால் சன்ஸ்கிரீன். கடைசி வரியில் அவள் குரல் நின்றது: முடியும் சாயத் துணியும் வெளுத்துப்போகக்கூடும்.

"பாத்தியா? துணி, முடி. தோல்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"தோல் எரியும், உரியும். ஆனா உறை மாதிரி சாயம் போயிடாது. இனிமே தேய்க்காதே தாயே. பச்சைத் தண்ணில கழுவி ஒத்தி எடு. வாசனையில்லாத க்ரீம் இருந்தா பூசு. ரெண்டு மருந்தையும் தூர வை. நல்லா ஆறினப்புறம் வேணும்னா நீ வாங்கின களிம்பை மட்டும், துளியூண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள். வெள்ளை உறை போட்டுக்க. பரு ஒரே ராத்திரியில போற கறை இல்ல, வாரக்கணக்கா ஆகும். ரெண்டு மூணு நாள்ல இது அடங்கலைன்னா டாக்டர்கிட்ட காட்டு."

குண்டூசி தண்ணீரை அள்ளி மெதுவாக முகத்தில் விட்டாள். எரிச்சல் இருந்தது. பயம் மட்டும் தணிந்தது.

"அக்கா, எல்லாம் பழையபடி ஆயிடுமா?"

"சிவப்பு போயிடும்னு சொன்னேனே."

"அதில்லக்கா. நாம ரெண்டு பேரும். பழையபடி."

மறுமுனையில் பஸ் ஒன்று நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் சத்தம். அக்கா அதில் ஏறவில்லை.

"பழையபடின்னா எப்போ இருந்த மாதிரிடி, குண்டூசி?"