இடது ஷூவின் மரை

என் கணவர் இறந்தபின் அவருடைய ஷூவைக் கேட்டது அவரது சைக்கிள் கூட்டாளி. உயரத்தையும் நடையையும் பார்த்து எல்லாரும் ஒட்டகம் என்று கூப்பிடும் ஆள். இருவருக்கும் ஒரே கால் அளவு. "தப்பா நினைக்காதீங்க, சும்மா வச்சிருந்தா பசை விட்டுப்போகும்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

எடுத்துத் துடைக்கும்போதுதான் இடது ஷூவின் அடியிலிருந்த கிளீட் ஆடுவதைப் பார்த்தேன். பெடலில் மாட்டிக்கொள்ளும் இரும்புத் துண்டு அது. இரண்டு சின்னத் திருகுகளில் நிற்கும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் பெடலை விட்டுவிடும். திருகு பிடிக்காவிட்டால் காலோடு கிளீட்டும் சேர்ந்து திரும்பும், கால் வராது. இதை என் கணவர் ஒருமுறை சமையலறையில் தட்டையும் கரண்டியையும் வைத்து எனக்கு விளக்கியிருக்கிறார். அடுப்பில் பால் இருந்ததால் பாதிதான் கேட்டேன்.

விபத்தன்று சிக்னலில் நின்ற என் கணவர் நின்றபடியே இடப்பக்கம் சாய்ந்தார். பக்கத்தில் வேன் வந்துகொண்டிருந்தது. "கால் வரல, கால் வரலன்னு கத்தினாரு" என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மாமனார் என் கையிலிருந்து ஷூவை வாங்கி ஒரு திருகை விரலால் சுற்றினார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. திருகைப் பிடிக்கும் மரை போயிருந்தது. திருகின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது.

அவர் ஆயுள் முழுக்கக் குழாய் வேலை பார்த்தவர். எங்கே மரையைக் கண்டாலும், குழாய் ஒழுகாமலிருக்கச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றி, மூச்சைப் பிடித்து இறுக்கினால்தான் அவருக்கு நிம்மதி. எங்கள் வீட்டு டார்ச் லைட்டிலும் அந்த டேப் உண்டு.

"நான் சுத்தினதும்மா இது."

"எப்ப மாமா?"

"அதான் தெரியல. வாசப்படியில உக்காந்துக்கிட்டு, 'அப்பா, ஆடுது, கொஞ்சம் இறுக்குங்க'ன்னு ஒரு ஷூவைக் குடுத்தான். நல்லா ஞாபகம் இருக்கு. ஆஸ்பத்திரியிலேருந்து அவன் சாமான் பை வந்தப்புறம் நானா ஒண்ணை எடுத்து இறுக்கினேன். அதுவும் நல்லா ஞாபகம் இருக்கு. எது எந்த ஷூன்னுதான்..." நெற்றியில் தட்டிக்கொண்டார். "முன்னாடியே இறுக்கி மரையைக் கெடுத்திருந்தேன்னா, நான்தானேம்மா அவனை..."

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஊசியும் கையுமாக ஷூவோடு உட்கார்ந்திருந்தார். "கடையில காட்டு. சரி பண்ணச் சொல்லு. நான் இறுக்கினது விபத்துக்கு முன்னாடியா பின்னாடியான்னும் கேளு."

சைக்கிள் கடையில் பழுது பார்ப்பவள் என்னைவிட இளையவள். ஷூவைக் கவிழ்த்ததும் சிரித்துவிட்டாள்.

"யாருக்கா இது, ஷூவுக்குப் போய் குழாய் வேலை பாத்தது?"

விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ! மன்னிச்சுக்கங்கக்கா. இந்த வாய் இருக்கே..." என்று தலையில் அடித்துக்கொண்டு விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். அடித்தோலில் பிறைபோல ஒரு கீறல். "கிளீட் திரும்பியிருக்கு. ஓட்டும்போது ஆனதுதான்."

"அப்ப அன்னைக்கே மரை போயிருந்ததா?"

"அப்படிச் சொல்ல முடியாது. திருகு தளர்ந்திருந்தாலே திரும்பும். தளர்ந்ததை அப்புறம் யாராவது முரட்டுத்தனமா இறுக்கினா, மரை அப்பப் போகும்." திருகுத் தலையின் குழியை உற்றுப் பார்த்தாள். "இதுல மண்ணு அடைச்சிருந்தா, ஓட்டினதுக்கப்புறம் யாரும் திருகுச் சாவி போடலன்னு அடிச்சுச் சொல்லலாம். இது பளபளன்னு இருக்கே."

காலையில் மாமனார் ஊசியால் என்ன குடைந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுக்கோடு வேலை கொடுத்தால் கடைக்காரர்களுக்கு மரியாதை இல்லையாம்.

வலது ஷூவையும் பிரித்தாள். அந்தத் திருகுகளிலும் டேப். ஆனால் மண்ணேறிக் கறுத்து, மரையோடு மரையாக ஒட்டியிருந்தது. கழற்ற அவள் எழுந்து நின்று பலம் கொடுக்க வேண்டியிருந்தது. "இதை ரொம்ப நாள் ஓட்டியிருக்காரு. கல்லு மாதிரி பிடிச்சிருக்கு."

"இடதுல வெள்ளையா இருக்கே. அப்ப பின்னாடிதானே?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா மழை இல்லாத நாள்ல ஓட்டியிருந்தா முன்னாடி சுத்தினதும் வெள்ளையாவே இருக்கும்க்கா. சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க."

உள் அட்டையைத் தூக்கி, மரையுள்ள பழைய தகட்டை எடுத்துவிட்டு வேறு தகடு வைத்தாள். வளைந்த சாவியால் இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். பழைய தகட்டை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பின்னாடி என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், மனிதர் சாப்பிடுவார். வழியெல்லாம் அந்த வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் வேறு வந்தது.

"வலதுல நீங்க சுத்தினது கல்லு மாதிரி பிடிச்சிருந்துதாம் மாமா. அதோடதான் அவர் அவ்வளவு நாளும் ஓட்டியிருக்கார்."

"இடது?"

"தெரியலன்னுட்டா. எனக்கும் தெரியல."

அவர் ஷூவை வாங்கிக் கிளீட்டை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "டேப் சுத்தலையா?"

"இதுக்குத் தேவையில்லையாம்."

"ஒழுகிடாதா?"

வேடிக்கைக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை போலிருந்தது. "அவன்தான் இப்படிக் கேலி பண்ணுவான்" என்றார். "என் ஷூ மட்டும் ஒழுகவே ஒழுகாதுப்பான்னு. எந்த ஷூவைக் குடுக்கும்போது சொன்னான்?" தட்டை இழுத்துவைத்துக்கொண்டு சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் மறுபடியும் அதையே கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டகம் வந்தார். ஷூவைப் போட்டுக்கொண்டு, வாசலில் சைக்கிளில் ஏறி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் மாமனார். இடது பெடலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"மாட்டுங்க தம்பி. இப்ப எடுங்க."

டக்கென்று கால் வெளியே வந்தது.

"இன்னொரு தடவை."

வந்தது.

"இன்னொரு தடவை."

ஒட்டகம் மாட்டி மாட்டி எடுத்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன், யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல். மாமனார் காதைப் பெடலுக்குக் கிட்டே கொண்டுபோய், "இன்னொரு தடவை தம்பி" என்றார்.