பதினோராவது தேத்தண்ணி

தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று இலங்கையின் விசுவமடுவில் யாரும் கேட்பதில்லை. கேட்பதுபோல வாய் அசையும், அவ்வளவுதான். நாம் பதில் சொல்வதற்குள் குசினியில் டீக்குக் கேத்தில் அடுப்பில் ஏறிவிடும். இந்த ஊருக்கு மருமகளாக வந்த எட்டு மாதத்தில் நான் கண்டுபிடித்த பெரிய உண்மை இது.

இன்னும் சில உண்மைகளும் உண்டு. இங்கே சேலை கட்டிய பெண்கள் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டே சைக்கிள் விடுவார்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பாண் என்கிற பிரெட் விற்கும் ஓட்டோ ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு வரும். எங்கள் வீட்டு நாய் அதோடு சேர்ந்து பாடும். எதைச் சாப்பிட்டாலும் பக்கத்தில் தேங்காய்ச் சம்பல் இருக்கும். எல்லாவற்றையும் நான் அப்பாவுக்குப் போனில் சொல்வேன். திருநெல்வேலியில் இருந்து அவர் சிரிப்பது கேட்கும்.

எங்கள் ஊர் மரியாதை வேறு. ஒரு வீட்டுக்குப் போய் அவர்கள் காபி தந்தால், முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறையும் வேண்டாம். மூன்றாம் முறை அவர்கள் கோபித்துக்கொண்ட பிறகுதான் டம்ளரைத் தொடலாம். உடனே வாங்கிக் குடித்தால், பாவம், வீட்டில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்பார்கள்.

இந்த மரியாதைதான் என்னை மாட்டிவிட்டது.

புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. குடிபூரல் என்பார்கள் இங்கே. என் கணவர் ஜெயந்தன் பெயின்ட் வேலையில் மூழ்கிக் கிடந்தார். அவர் அம்மாவுக்கு, என் மாமிக்கு, முழங்கால் வலி. ஊருக்குச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. போனில் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"போனில சொல்லுறதுக்கு இதென்ன செத்தவீடோ, பிள்ளை? வீடு வீடாப் போய்ச் சொல்லோணும்" என்றார் மாமி.

சைக்கிளை எடுத்தேன். பத்து வீடு, பத்துத் தேத்தண்ணி. பால் போட்டது, இஞ்சி போட்டது, உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே குடிக்கச் சொன்ன வெறுந்தேத்தண்ணி, எல்லாம். பத்தாவது வீட்டில் இருந்து திரும்பும்போது சைக்கிள் பள்ளத்தில் விழுந்தபோதெல்லாம் வயிற்றுக்குள் அலை அடித்தது.

கடைசியாகக் கிளி அன்ரி வீடு. செல்லக்கிளி என்பது முழுப் பெயர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி, வேலியில் ஒரு பொட்டு. ஆள் குனிந்து நுழையும் அளவு சந்து அது. தினமும் காலையில் அந்தப் பொட்டு வழியாக, "மலரக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்து அவர் மாமியோடு ஒரு மணி நேரம் கதைத்துவிட்டுப் போவார். அன்றைக்கு நான் வாசல் வழியாக முறையாகப் போனதும் அவருக்கு ஒரே சந்தோசம். நான் உட்காரக் கதிரையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டார்.

"இரு பிள்ளை, தேத்தண்ணி ஊத்திறன்."

"வேண்டாம் அன்ரி, இப்பதான் குடிச்சேன்."

"கொஞ்சமா ஊத்திறனே?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம்."

எங்கள் ஊராக இருந்தால் மூன்றாம் முறை கோபித்திருப்பார்கள். கிளி அன்ரி கோபிக்கவில்லை. "சரி பிள்ளை" என்றார். கட்டாயம் வரவேண்டும் என்றேன். "பாப்பம்" என்றார். தப்பித்தோம் என்று நான் வீட்டுக்கு ஓடினேன்.

அடுத்த நாள் காலை பொட்டு வழியாக யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு தானே போனார். போன வேகத்தில் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார்.

"நீ கிளி வீட்டில தேத்தண்ணி குடிக்கேல்லையோ?"

நடந்ததைச் சொன்னேன். மாமி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முந்தி எங்கட ஆக்கள் கிளியின்ர வீட்டில பச்சைத் தண்ணியும் குடிக்க மாட்டினம், பிள்ளை. நானும் அப்பிடித்தான் இருந்தனான். பிறகு சண்டை முடிஞ்சு முகாமுக்குப் போனம். ரெண்டு குடும்பமும் ஒரே கூடாரம். ஜெயந்தனுக்குக் காய்ச்சல். கிளி காய்ச்சின கஞ்சிதான் அவன்ர உயிரைப் பிடிச்சு வச்சது. அந்த நாளோட அந்தக் கதையெல்லாம் முடிஞ்சுது எண்டுதான் நான் நினைச்சிருந்தன்." மாமி சேலையால் முகத்தைத் துடைத்தார். "இப்ப அவா நினைக்கிறா, மலரக்கா மருமகளுக்குப் பழைய பாடத்தைச் சொல்லிக் குடுத்திட்டா எண்டு. நான் இல்லை எண்டு சொல்லச் சொல்ல, எனக்கே அது பொய் மாதிரிக் கேக்குது. கிளி வராட்டி எனக்கு என்ன குடிபூரல்?"

இந்தப் பாடம் எனக்குத் தெரியாததா?

என் அப்பா மாயாண்டிக்கு எங்கள் ஊர் டீக்கடையில் தனி டம்ளர். கடைக்கு வெளியே ஆணியில் தொங்கும். குடித்துவிட்டு அவரே கழுவி மாட்டவேண்டும். சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏன் நம்ம டம்ளர் மட்டும் வெளியே இருக்கிறது என்று கேட்டேன். ராஜாவுக்கெல்லாம் தனி டம்ளர்தான் தாயி என்றார். ஒன்பது வயது வரைக்கும் அதை நம்பினேன். ஜெயந்தனுக்கும் மாமிக்கும் இது தெரியும். மற்றவர்களுக்கு நான் இந்தியாப் பிள்ளை. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது சுகமாகத்தான் இருந்தது.

பொட்டு வழியாகக் குனிந்து போனேன். கிளி அன்ரி முற்றத்தில் காய்ந்த செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். கதிரை வரவில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அன்ரி, எனக்குத் தேத்தண்ணி வேணும்."

"தேயிலை முடிஞ்சுது."

"அப்ப தண்ணி குடுங்க."

"உங்கட வீடு கிட்டத்தானே. போய்க் குடி."

நான் போகவில்லை. அவரோடு சேர்ந்து காம்பு கிள்ளிக்கொண்டே அப்பாவின் டம்ளரைப் பற்றிச் சொன்னேன். ஆணியைச் சொன்னேன். மூன்று தரம் கேட்டால்தான் குடிக்கும் எங்கள் ஊர் மரியாதையைச் சொன்னேன். பத்துத் தேத்தண்ணியையும் வரிசையாகச் சொன்னேன். நடுவில் அழுதுவிட்டேன். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்ததில் அழுகை இரண்டு மடங்காயிற்று.

கிளி அன்ரி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து என் முகத்தைக் கழுவிவிட்டார்.

"ராசாவுக்குத் தனி எண்டோ சொன்னவர்?"

"ஆமா."

அவர் எழுந்து குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில், முடிந்துபோன தேயிலையின் வாசம் வந்தது. வீட்டில் இருந்த பெரிய கோப்பையில் விளிம்பு வரை ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றவருக்குத் திடீரென்று ஏதோ உறைத்தது.

"பொறு. பத்து வீட்டுக்குப் போயிட்டோ கடைசியா இஞ்ச வந்தனி?"

"பக்கத்து வீடுதானேன்னு..."

"பக்கத்து வீட்டுக்கெல்லோ முதல் வரோணும், விசரி!"

பால் காய்ச்சிய அன்று கிளி அன்ரி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். மாமி அவரைக் கையைப் பிடித்து முன் வரிசைக் கதிரையில் இருத்தினார். நான் முதல் தேத்தண்ணியை அவருக்கு நீட்டினேன். அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேண்டாம் பிள்ளை. இப்பத்தான் குடிச்சனான்."

மாமியின் முகம் வெளுத்தது.

"கொஞ்சமா குடிங்க அன்ரி."

"வேண்டவே வேண்டாம்."

அவர் உதட்டோரம் துடிப்பதை அப்போதுதான் கவனித்தேன். இடுப்பில் கையை வைத்து, எங்கள் தெருவே கேட்கும் குரலில் கோபித்துக்கொண்டேன்.

"இப்ப குடிக்கப் போறீங்களா, இல்ல இனி நான் உங்களோட பேசாமலே இருக்கட்டுமா?"

"ஓ, மூண்டு தரம் ஆச்சு" என்று கிளி அன்ரி கோப்பையை வாங்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். வாய் நிறைய ஒரு மிடறு குடித்தார்.

மாமிக்கு ஒரு கோப்பையை நீட்டினேன். அவர் அதை எடுக்கவில்லை. கிளி அன்ரியின் கையில் இருந்த கோப்பையை வாங்கி, எல்லாரும் பார்த்திருக்க ஒரு மிடறு குடித்தார்.

"சீனி காணாது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.