அதுவாகக் காட்டியது

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும், ஆணோ பெண்ணோ, சுவரில் இடித்தவுடன் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள். "அதுவா போயிடுச்சு மேடம்." பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. எந்த வண்டியும் அதுவாகப் போகாது. யாருடைய காலோ எதையோ அழுத்திக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் என் காலடியிலும் ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள்.

'அதுவா' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருவதற்குக் காரணம் என் தங்கை புருஷன்.

என் தங்கைக்கு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அவன் கதவிடுக்கில் வைத்து அழுத்தியதன் மிச்சம் அது. கையில் போட்ட கட்டோடுதான் அவள் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறினாள். பஸ்ஸில் அரை நாள் போக வேண்டிய ஒரு ஊரில், அவனுக்கு உறவோ சிநேகிதமோ இல்லாத ஊரில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டாள். மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. போன் எண்ணை மாற்றினாள். புது எண் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

என் போனில் அவளை 'ரேடியேட்டர்' என்று பதிந்துவைத்தேன். யாராவது எட்டிப் பார்த்தாலும் வண்டிச் சமாச்சாரம் என்று விட்டுவிடுவார்கள். அம்மா போனிலும் அப்படியே போட்டுக் கொடுத்தேன். ரேடியேட்டர் சாப்பிட்டாளாம், ரேடியேட்டருக்குச் சளி பிடித்திருக்கிறதாம் என்று அம்மா முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு சொல்வாள். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். பெரிய கெட்டிக்காரிகள் என்று எங்களுக்கு நினைப்பு.

தங்கை மகளை நாங்கள் வாண்டு என்போம். எந்தப் பேப்பரைக் கொடுத்தாலும் அவள் வரைவது என் வண்டியைத்தான். மஞ்சள் கார், அதன் தலையில் ஒரு பலகை, உள்ளே வாயை அகலமாகத் திறந்துகொண்டு நான். ஏன் இப்படி என்று கேட்டால், பெரியம்மா கத்துறாங்க என்று விளக்கம் சொல்வாள்.

புது ஊரில் வாண்டைச் சேர்த்த பள்ளிக்கூடத்தில் விடுமுறையா, வீட்டுப்பாடமா, எப்போது வந்து பிள்ளையை அழைத்துப் போவது, எல்லாவற்றையும் உலகமே வைத்திருக்கிற அந்த ஆப்பில்தான் போடுவார்கள். வேறு வழியில்லாமல் தங்கையும் ஒரு கணக்குத் திறந்தாள். பெயர் பொய். முகத்துக்குப் பதில் ஒரு பூந்தொட்டியின் படம். போன் எண்ணை மட்டும் அது விடாப்பிடியாகக் கேட்டது. கொடுத்தாள். கொடுக்காவிட்டால் உள்ளே விடாது.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் அவன் நின்றான். தங்கை போய்ச் சேர்வதற்குள் வாண்டின் கையைப் பிடித்திருந்தான். அவள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடி, டீச்சர்கள் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அக்கா, உங்க ரெண்டு பேர்ல யாரு சொன்னது?" என்று கேட்டாள்.

நான் அப்போது நடுரோட்டில், ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கும் ஒரு பல் டாக்டருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஓரங்கட்டச் சொல்லி, அவரை இறக்கி நடக்கவிட்டு, நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். நான் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். மிச்சம் இருப்பது ஒரே ஆள். அவன் போனில் அழுதால் அம்மாவும் சேர்ந்து அழுகிறவள். இத்தனைக்குப் பிறகும் அவனை மாப்பிள்ளை என்றுதான் சொல்வாள். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். பெற்ற மகளையே காட்டிக்கொடுத்துவிட்டாயே என்றேன். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தான் யாரிடமும் மூச்சு விடவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவள் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர்கள் போலீசைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஊர் போலீஸ் நிலையத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். கையில் டீ. என் தங்கை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். விலாசம் எப்படிக் கிடைத்தது, யார் கொடுத்தது என்று நான் அதட்டியபோது அவன் கொஞ்சம்கூட அசரவில்லை. பரிசு விழுந்தவனைப் போலப் போனை எடுத்து நீட்டினான்.

"நான் தேடவே இல்ல அண்ணி," என்றான். "அதுவா காட்டுச்சு."

திரையில் அந்தப் பூந்தொட்டி. மேலே 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று எழுதியிருந்தது. யார் இது என்று தொட்டிருக்கிறான். அந்தக் கணக்கு சேர்ந்திருந்த பள்ளிக்கூடத்தின் பெயர் வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் பெருமையாகப் போட்டிருந்த விளையாட்டுப் போட்டிப் படத்தில், இரண்டாவது வரிசையில் வாண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் என்ன, பஸ் ஏறிவிட்டான். போலீஸ்காரர்கள், பெற்ற பிள்ளையைத் தகப்பன் பார்க்க வருவது குற்றமா என்று எங்களிடமே கேட்டுவிட்டு, இனிமேல் வம்பு பண்ணாதே என்று அவனைப் பார்த்துச் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

என்னிடம் கார் பழகும் ஒரு கம்ப்யூட்டர்காரிதான் எனக்கு விளங்கும்படி சொன்னாள். அவன் போனில் நானும் அம்மாவும் இருக்கிறோம். என் போனையும் அம்மா போனையும் அந்த ஆப் என்றைக்கோ வழித்தெடுத்து வைத்திருக்கிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரு புது எண் முளைத்தது. அதே எண்ணில் ஒரு பூந்தொட்டி கணக்குத் திறந்தது. இந்த வீட்டு ஆள் என்று முடிவுகட்ட அதற்கு வேறென்ன வேண்டும்? ரேடியேட்டர் என்று எழுதினாலும் கார்புரேட்டர் என்று எழுதினாலும் அதற்குக் கவலை இல்லை. அதற்கு வேண்டியது எண். அப்படியானால் எடுத்த எண்களை அழிக்கச் சொல்லலாமே என்றேன். சொல்லலாம் மேடம், அழித்தார்களா என்று யார் போய்ப் பார்ப்பது என்றாள்.

அந்தக் கம்பெனியின் கட்டடம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. எத்தனையோ பேருக்கு அதன் முன்னால் வண்டி திருப்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முழுக்கக் கண்ணாடி. வெளியே நிற்பவருக்குத் தன் முகம்தான் தெரியும், உள்ளே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு உள்ளே போனேன். வரவேற்பில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே ஒரு டேப்லெட்டை என் பக்கம் திருப்பினாள். பெயர் கேட்டது. போன் எண் கேட்டது. என் முகத்தைப் படம் எடுக்க அனுமதி கேட்டது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஆனாலும் கத்தவில்லை.

"என் தங்கச்சி எங்க இருக்கான்னு ஒருத்தனுக்குச் சொன்னீங்களே, அவன்கிட்ட இதெல்லாம் கேட்டீங்களா?" என்றேன்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றது. யாருக்கோ போன் செய்தாள். கொஞ்ச நேரத்தில் இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவன் இறங்கி வந்தான். கழுத்தில் அட்டை. என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். பொறுமையாகக் கேட்டான், அதைச் சொல்ல வேண்டும். கேட்டு முடித்துவிட்டு, அவர்கள் யாருடைய விலாசத்தையும் யாருக்கும் கொடுப்பதில்லை, அது வெறும் பரிந்துரைதான் என்றான். மனிதர்கள் யாரும் அதைப் பார்ப்பதுகூட இல்லை, எல்லாம் சிஸ்டம் தானாகவே செய்வது என்றான். பரிந்துரையாம். கையை நசுக்கியவனுக்கு அந்தக் கையையே பரிந்துரை செய்திருக்கிறார்கள். அவன் தலைக்குப் பின்னால் சுவரில், 'உங்கள் அந்தரங்கம் எங்கள் பொறுப்பு' என்று கதவு உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள்.

யார் மேல் புகார் கொடுப்பது என்று தெரிய வேண்டுமே. உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். அவன் கை தானாக அட்டைக்குப் போனது. அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான்.

"ஸாரி மேடம். பேரு சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல. எங்க பாதுகாப்புக்காக."

அவன் கொடுத்த தண்ணீரை அவன் மேலேயே ஊற்றாமல் வந்தேனே, அது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அம்மாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். நீ சொல்லியிருப்பாயோ என்று நானும் ஒரு ராத்திரி நினைத்தேன் என்றாள் அம்மா. ஒரு தாயும் இரண்டு மகள்களும் ஒருத்தியை ஒருத்தி திருடி மாதிரி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். உண்மையில் சொன்னவன் யாரென்றால், கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிற பெயரில்லாதவன்.

தங்கை மறுபடி கிளம்பினாள். அந்த வேலை, அந்தப் பள்ளிக்கூடம், வாண்டு அப்போதுதான் பிடித்துவைத்திருந்த ஒரு சிநேகிதி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு. எங்கே போகிறாய் என்பதை என்னிடம்கூடச் சொல்லாதே என்று நானே சொன்னேன். எண்ணும் வேண்டாம். என் போனை நம்ப முடியாது என்றால் என்னையும் நம்ப முடியாது. அதன்பிறகு அவ்வப்போது கூட வேலை செய்கிறவர்களின் போனிலிருந்து கூப்பிடுவாள். நாலு வார்த்தை பேசுவாள். வைத்தவுடன் அந்த எண்ணை அழித்துவிடுவோம்.

அந்த ஆப்பைத் தூக்கி எறிய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் பயிற்சிப் பள்ளிக்கு ஆட்கள் அதில்தான் பதிவு செய்கிறார்கள், முதலாளி அதில்தான் எனக்கு வேலை அனுப்புகிறார். அம்மாவின் போனிலோ வாங்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்தது. அழிக்கப் போனால் அழிக்க முடியாது என்கிறது.

போன வாரம் வேலை முடிந்து வண்டியை நிறுத்திவிட்டு, மறுநாள் யார் வருகிறார்கள் என்று பார்க்க அதைத் திறந்தேன். 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்.' யாரோ ஒரு பெயர், நான் கேள்விப்படாத பெயர். படத்தில் மஞ்சள் கார். அதன் தலையில் ஒரு பலகை. உள்ளே வாயை அகலமாகத் திறந்துகொண்டு நான்.

என் கால் காரின் தரையில் பிரேக்கைத் தேடி அழுத்தியது. நின்றுகொண்டிருக்கிற வண்டியில்.

அவள் ஏன் திறந்தாள் என்று எனக்குக் கோபம் வரவில்லை. புது இடத்தில் வேலை நேரத்தை அதில்தான் போடுவோம் என்று சொல்லியிருப்பார்கள். முகம் வேண்டாம், பூந்தொட்டியும் வேண்டாம் என்று பிள்ளை வரைந்ததைப் போட்டிருக்கிறாள். இந்தத் தடவை எங்கள் இருவரிடமும் எண்கூட இல்லை. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதே பழைய போனை வைத்திருக்கிறாளா, யாருடைய போனிலிருந்து கூப்பிட்டாளோ அதை வைத்தா? எனக்குத் தெரியாது. எனக்குக் காட்டியதை அவனுக்கும் காட்டும் என்பது மட்டும் தெரியும். அந்தக் காரை அவனுக்கும் நன்றாகத் தெரியும். அவன் வீட்டு பிரிட்ஜ் கதவு முழுக்க அதுதான் ஒட்டியிருந்தது.

அவளை எச்சரிக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே 'நண்பராகச் சேர்' என்று இருக்கிற பட்டன். அதைத் தொட்டால் அவளுக்குச் செய்தி போகும். கூடவே, ஆமாம், இவள் எங்கள் வீட்டுப் பெண்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகவும் ஆகும். 'நீக்கு' என்பதைத் தொட்டேன். சும்மா விடுமா? ஏன் நீக்குகிறீர்கள் என்று காரணம் கேட்டது. எனக்கு இவரைத் தெரியாது, இவர் எனக்குத் தொல்லை தருகிறார், இது போலிக் கணக்கு. இவளைக் காட்டாதே, காட்டினால் ஒருவன் வந்து கொன்றுபோடுவான் என்பதற்கு அங்கே இடம் இல்லை. தெரியாது என்பதைத் தொட்டேன்.

அம்மா வீட்டுக்கு ஓடினேன். அம்மா போனிலும் அந்தக் கார் வந்து உட்கார்ந்திருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாண்டு இப்போது சக்கரத்தை எல்லாம் ஒழுங்காக வரைகிறாளே என்று சந்தோஷப்பட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். எதைத் தொட வேண்டும் என்று காட்டினேன். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"பெத்த பொண்ண தெரியாதுன்னு எப்படிடி சொல்றது?"

நானே தொட்டுவிடலாம் என்று கையை நீட்டினேன். அம்மா கொடுக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவளே தொட்டாள். கார் மறைந்தது. 'நன்றி! உங்களை இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்ள இது எங்களுக்கு உதவும்' என்றது.

"இனிமே அவனுக்குக் காட்டாதுல்ல?"

தெரியவில்லை என்றேன்.

அன்றிலிருந்து அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். தெரியாத எண் அடித்தால் இருவரும் ஓடுகிறோம். கடன் வேண்டுமா என்று ஒருவன் கேட்டான். முழங்கால் வலிக்குத் தைலம் வேண்டுமா என்று ஒருத்தி அம்மாவைப் பெயர் சொல்லிக் கேட்டாள். எங்கள் எண் எப்படிக் கிடைத்தது என்று கத்தினால், சிஸ்டத்தில் இருந்தது மேடம் என்கிறார்கள். உலகத்தில் எல்லாரும் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் இன்னும் கூப்பிடவில்லை.