பெட்ரோல் டேங்குக்குப் பூட்டு

"ஒம் புள்ள ரப்பர் குழாய் எதுக்கு வச்சிருக்கான்? அதச் சொல்லு மொதல்ல," என்று மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து பொலிக்செனி கத்தினாள்.

"பீப்பாய்லருந்து ஒயின் எறக்க. ஒம் புருஷனும் வாராவாரம் வந்து குடிக்கிறாரே, பெட்ரோல் வாடையா அடிச்சுது?" முதல் மாடி ஆர்கிரோவும் விடவில்லை.

"திங்கக்கெழம டேங்க் ரொப்புனோம். வெள்ளிக்கெழம பாதியக் காணோம். வண்டி ஓடுனது எண்பதே கிலோமீட்டரு. திருட்டு வீட்டுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்."

கிரீஸின் தெசலோனிக்கியில், எங்கள் கட்டடத்தில், பொலிக்செனியின் மகள் கிளியோவுக்கும் ஆர்கிரோவின் மகன் ஃபோதிஸுக்கும் நிச்சயமான கல்யாணம் இப்படித்தான் நின்றது. இரண்டுக்கும் நடு மாடியில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே சட்டையை மூன்று முறை உதற வேண்டியிருந்தது.

மறுநாளே டேங்க் மூடிக்குப் பூட்டு வந்தது. சாவி பொலிக்செனியின் கழுத்தில், சிலுவையோடு. அப்படியும் பெட்ரோல் முள் இறங்கியது. ஃபோதிஸ் கள்ளச்சாவி செய்துவிட்டான் என்றாள். எனக்கும் சந்தேகம்தான். விடிகாலையில் பையோடு கிளம்புகிறானே என்று எட்டிப் பார்த்தேன்; ரொட்டி வாங்கத்தான் போனான்.

கிளியோ அழுதுகொண்டு உட்காருகிற பெண் இல்லை. ஒருநாள் முழுக்க அப்பாவின் காரில் ஏறிக்கொண்டாள். அப்பா ஸ்தமாதிஸின் கண்ணாடிக்கடை வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். நடுவில் பன்னிரண்டு சிக்னல். பச்சை விழுந்தால் பந்தயக்காரர்போலச் சீறுவார்; அடுத்த சிவப்பில் கிறீச்சென்று மிதிப்பார். பாலாடை ரொட்டிக்கு ஒரு நிறுத்தம், காப்பிக்கு ஒன்று, லாட்டரிக்கு ஒன்று. நின்ற வண்டிகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசையாக நிறுத்தி, நான்கு விளக்கையும் மின்னவிட்டு, எஞ்சினை ஓடவிட்டே இறங்குவார். அணைத்தால்தானே 'நிறுத்தியது' ஆகும், போலீஸ் அபராதம் போடும் என்பது அவர் சட்டம். இந்த ஊரில் பாதிப்பேர் சட்டமும் அதுதான்.

சாயங்காலம் வீட்டு வாசலில் இடம் கிடைக்க நாற்பது நிமிடம் தெருவைச் சுற்றினார்.

"பின்தெருவுல எடம் காலியா இருக்கேப்பா."

"அங்க விட்டா யாரு காவல் காக்கறது? அந்த ஃபோதிஸ் உறிஞ்சிருவான்."

கிளியோ வாசலில் நின்றபடியே மேலே பார்த்துச் சொன்னாள். "அம்மா, திருடன் நம்ம வீட்லதான் இருக்கான். உறிஞ்சறது குழாய் இல்ல, அப்பாவோட காலு."

மூன்று மாடியும் கேட்டது.

பொலிக்செனி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு தட்டு கீரை அடை கீழே ஆர்கிரோ வீட்டுக்குப் போயிற்று. தட்டு நிறையத் திராட்சையோடு திரும்பி வந்தது. செப்டம்பரில் கல்யாணம். ஜோடி வோலோஸ் நகரத்துக்குக் குடிபோனது. அங்கே இருவருக்கும் சைக்கிள்தான். ஸ்தமாதிஸ் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார். சாவியும் பொலிக்செனியின் கழுத்தில்தான். மாப்பிள்ளை விடுமுறைக்கு வரும்போது மட்டும் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.