அறுநூறு சொற்களுக்கு மிகாமல்

1

இது கதையாகப் பிறக்கவில்லை, விண்ணப்பமாகப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்கா மகள் வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க விண்ணப்பித்தாள். மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றோடும் ஒரு கட்டுரையும் கேட்டிருந்தார்கள்: 'நான் ஏன் மருத்துவராக விரும்புகிறேன், அறுநூறு சொற்களுக்கு மிகாமல்.' அக்கா உடனே எனக்குப் போன் செய்தாள்.

"நீதான் கதை கதையா எழுதித் தள்றியே, பொடிசுக்கு இதை எழுதிக் குடுத்துடேன். அரை மணி நேர வேலை."

இருபது வருஷமாக எழுதுகிறேன். அரை மணி நேர வேலை என்று யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் எழுதிக் கொடுத்தேன். அதில் செய்த தப்பைத் திருத்த உட்கார்ந்தால், திருத்தம் இப்படிக் கதையாக நீண்டுகொண்டு போகிறது.

(பொடிசு என்பது ஆறாம் வகுப்பு வரைக்கும் பொருந்திய பெயர். இப்போது வீட்டிலேயே அவள்தான் உயரம். பரண்மேல் இருப்பதை எடுக்க அவளைத்தான் கூப்பிடுகிறோம்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'சிறுவயதிலிருந்தே பிறருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் என்னுள்...'

நிறுத்திவிட்டேன். சிறுவயதில் அவள் யாருக்கும் பாதி பிஸ்கட் கொடுத்ததை நான் பார்த்ததில்லை.

'வெள்ளை அங்கியைக் காணும்போதெல்லாம் என் மனம்...'

இதற்கு என் மனமே ஒப்பவில்லை. சரி, சம்பந்தப்பட்டவளையே கேட்போம் என்று கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"உண்மையைச் சொல்லு, எதுக்குடி டாக்டராகணும்?"

"உயிரியல் நல்லா வருது சித்தி. அப்புறம்... தெரியல, பிடிச்சிருக்கு."

"வெளிநாடு எதுக்கு?"

"இங்க எடம் கிடைக்கல. அங்க படிச்சா அங்கயே ஆஸ்பத்திரியில வேலையும் கிடைக்குமாம். எல்லாரும் போறாங்க."

'எல்லாரும் போறாங்க' என்பதை அறுநூறு சொல்லுக்கு இழுக்க யாராலும் ஆகாது. "ஏதாவது சம்பவம் இருக்கா?" என்று கேட்டேன். கதை எழுதுகிறவர்களுக்கு இருக்கும் கெட்ட பழக்கம் இது. ஒருத்தி வாயைத் திறந்தால் போதும், சம்பவம் இருக்கிறதா என்று கையை நீட்டிவிடுவோம்.

3

சம்பவம் இருந்தது.

மருத்துவத்துக்கு முந்தைய படிப்பில் இருக்கிறாள். அதற்காக வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் உதவிக்குப் போக வேண்டும். வெளிநோயாளிகள் பிரிவின் வாசலில் ஒரு மேசை, ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கட்டுச் சீட்டு. வருகிறவரின் பெயர், வயது, கடைசியில் 'என்ன தொந்தரவு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் தலைமை நர்ஸ் யாரை முதலில் உள்ளே விடுவது என்று பிரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்ற மறந்து ஒரு தையல்காரர் வந்தார்.

"என்ன தொந்தரவு?"

"ஒண்ணுமில்லம்மா. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு."

"வலிக்குதா?"

"வலின்னு சொல்ல முடியாது. ஒரு மாதிரி."*

பொடிசு கட்டத்தில் 'ஒன்றுமில்லை, பொதுப் பரிசோதனை' என்று எழுதினாள். சீட்டு அடுக்கின் அடிக்குப் போனது. முக்கால் மணி நேரத்தில் தையல்காரர் பெஞ்சிலிருந்து சரிந்தார். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தில் செத்துப்போன பகுதி செத்ததுதான் என்றார்களாம்.

(* அடிக்குறிப்பு: பால் ஒரு மாதிரி இருந்தால் கீழே ஊற்றிவிடுகிறோம். மாப்பிள்ளை ஒரு மாதிரி என்று காதில் விழுந்தால் கல்யாணத்தையே நிறுத்துகிறோம். நெஞ்சு ஒரு மாதிரி என்றால் மட்டும் உட்காரச் சொல்கிறோம்.)

4

நான் எழுதியது இது: 'அவர் வலி தாங்காமல் அலறினார். அவர் கையைப் பற்றியபடி நர்ஸை நோக்கி ஓடினேன். உயிர் என்பது என்ன என்று அந்தக் கணத்தில்...' இதற்கு மேல் எழுதிக் காட்ட எனக்கே கூச்சமாக இருக்கிறது. அறுநூறு சொல்லுக்கு இரண்டு குறைவாக முடித்தேன்.

"சித்தி, இது நான் இல்லையே."

"படிக்கிறவங்களுக்கு நீதான்."

அந்த நாட்டு மொழியில் அவளே அதை மாற்றி எழுதி அனுப்பினாள். (ஆகவே என்னை மட்டும் திட்டாதீர்கள். அலறலை மொழிபெயர்த்தவள் அவள்.)

மூன்றே வாரத்தில் பதில் வந்தது. கணினி வழியாக நேர்காணல். அந்த நோயாளியைப் பற்றி நேரில் கேட்க ஆவலாக இருக்கிறோம் என்று தனியாக ஒரு வரி. அக்கா வீட்டுக்காரர் சந்தோஷத்தில் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தார். பொடிசு மட்டும் உம்மென்று என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க எழுதின பொய்யை நீங்களே திருத்திக் குடுங்க. என்ன பேசணும்னு எழுதுங்க. நடந்ததை மட்டும். அழகா எழுதினீங்கன்னா பாருங்க."

5

அழகில்லாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று முடிவுகள் போட்டுப் பார்த்தேன்.

ஒன்று: பொய்யையே சொல்கிறாள், இடம் கிடைக்கிறது. பிறகு வாழ்நாள் முழுக்க யாராவது 'நெஞ்சு' என்று தொடங்கும்போதெல்லாம்... (வேண்டாம்.)

இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். அவர்கள் நன்றி சொல்லித் திரையை அணைக்கிறார்கள். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்துகிறாள். (இது நடக்கக்கூடியது என்பதாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.)

மூன்று: அவள் சொல்கிறாள், 'என் மொழி எனக்குத் தெரியும் என்ற தைரியத்தில் அவரைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். உங்கள் ஊரில் மொழி தெரியாதவளாக இருப்பேன். அதனால் எதையும் இரண்டு முறை கேட்பேன்.' திரையில் மூக்கு உறிஞ்சும் சத்தம். இடம் கிடைக்கிறது.

மூன்றாவதை எழுதி முடித்ததும் எனக்கு நானே டீ போட்டுக் குடித்தேன். அவ்வளவு பெருமை. பொடிசை உட்கார வைத்து ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்கு சித்தி. அதான் பிரச்சினை."

"இதுல என்னடி குறை?"

"அவர் ரெண்டாவது தடவையும் வந்தார்."

"யாரு?"

"அந்த டெய்லர். இருபது நிமிஷம் கழிச்சு எழுந்து வந்து, 'இன்னும் அப்படியேதாம்மா இருக்கு'ன்னார். மூஞ்சியெல்லாம் வேர்த்திருந்துச்சு. அது என்னன்னு எனக்குத் தெரியும் சித்தி. பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன். ஆனா காலையில இருந்து ஆளாளுக்கு வந்து எப்பக் கூப்பிடுவாங்க, எப்பக் கூப்பிடுவாங்கன்னு நச்சரிச்சுட்டே இருந்தாங்க. 'உக்காருங்க, கூப்பிடுவாங்க'ன்னுட்டேன்."

படித்துக் காட்டிய தாளைக் கீழே வைத்தேன்.

"பாஷை புரியாம நடக்கல. எனக்கு எரிச்சல், அவ்வளவுதான். பிளேன் ஏறினா அது இங்கயே நின்னுடுமா?"

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சம்பவம் கேட்டீங்க. பாதி சொன்னேன். அந்தப் பாதியே உங்களுக்குப் பிடிச்சுப்போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல், என்மேல், அறுநூறு சொல் கேட்டவர்கள்மேல். கோபம் அடங்கியதும் பயம் வந்தது: இவளை டாக்டராக்கலாமா என்ற பயம். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனாலும் அந்தப் பயம் வந்தது, மறைப்பதற்கில்லை.

"அப்பப் போக வேணாம்னு பார்க்கிறியா?"

"போகணும் சித்தி. ரொம்ப ஆசையா இருக்கு. இதைச் சொல்லிட்டுப் போகணும். சொன்னா விடமாட்டாங்க. என்ன பண்றது?"

கதாபாத்திரம் இப்படிக் கேட்டால் பக்கத்தைக் கிழித்துப்போடலாம். அக்கா மகள் கேட்டால் என்ன செய்வது? நான் எழுதியதை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

6

இப்போது காலை பத்து மணி. இந்தப் பகுதியை அவளுக்கு எதிரே, கணினியின் முதுகுப்பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. அக்காவும் அவள் வீட்டுக்காரரும் கதவுக்கு வெளியே.

திரையில் மூன்று பேர் என்று குரல்களை வைத்துச் சொல்கிறேன். அவர்கள் பேசும் மொழியில் எனக்கு வணக்கம்கூடத் தெரியாது. எழுதிப் பிழைக்கிறவள், ஒரு வார்த்தை புரியாமல் மரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பொய்யைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம் போதும். அவள் ஏழு நிமிஷமாகப் பேசுகிறாள். நடுநடுவே திக்குகிறாள். காது சிவந்துவிட்டது. போனில் அகராதியைத் திறந்து ஒரு சொல்லைத் தேடி எடுத்துச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள்.

 அந்தப் பக்கமிருந்து வயதான ஒரு பெண்குரல் சின்னதாக ஏதோ கேட்டது. பொடிசு முழித்தாள். ஒலியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சித்தி, 'எரிச்சல்'னு சொல்லணும்னு அகராதியில இருந்ததைச் சொன்னேன். அது வேற எரிச்சல் போல. 'உனக்கு எங்க எரியுது? எத்தனை நாளா?'ன்னு கேக்குறாங்க."

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு சொல்லிடு."

"எப்படிச் சொல்றது? அந்தம்மா பேனாவை எடுத்து வச்சுக்கிட்டு என்னையே பார்த்துட்டு இருக்காங்க. நிஜமாவே கேக்குறாங்க சித்தி."

அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கு எழுத வரிகள் நிறைய வருகின்றன, எல்லாம் அழகாக வருகின்றன, ஒன்றையும் வாயில் எடுக்க முடியவில்லை. முடிவை என்னிடம் கேட்காதீர்கள். ஒலியை ரொம்ப நேரம் நிறுத்தி வைக்க முடியாது. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்.