மாமா முழுகிய கடல்

உப்பளங்களைத் தாண்டி வண்டி கோடியக்கரைச் சதுப்புக்குள் நுழைந்ததும், துரைக்கண்ணு மடியிலிருந்த துணிப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். உள்ளே அரக்குப் பட்டு. செத்துப்போன தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடி. கோடிக்குப் பட்டு எடுத்தவரைக் காஞ்சிபுரத்தில்கூடத் தங்கை மகள் இளவரசி பார்த்ததில்லை. உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காதவருக்கு இப்போது தாராளம் பொங்குகிறது.

முந்தாநாள், மாகறலிலிருந்து அவர் வந்து சேர்வதற்குள் அம்மாவைத் தூக்கச் சொல்லிவிட்டாள்.

"மாமா வந்துக்கினு இருக்காரும்மா, கொஞ்சம் பொறு," என்று அவள் கணவன் சாமுவேல் கெஞ்சினான்.

அவள் காதில் வாங்கவில்லை. கடைசி மூச்சுவரை, "அண்ணன் வந்துச்சா?" என்று வாசலையே பார்த்துக் கிடந்தாள் அம்மா.

அஸ்தி கரைக்க வருகிறீர்களா என்று இளவரசிதான் கேட்டாள். மருமகள் மனசு இறங்கிவிட்டது என்று நம்பி அவரும் ஏறிக்கொண்டார்.

கரையில் ஐயர் தர்ப்பையைப் பிரித்தார். "இறந்தவங்க பேரு?"

இளவரசி மாமாவைப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க மாமா. இதே எடத்துல ஏற்கெனவே சொன்ன பேருதான?"

அவள் சாமுவேலைக் கட்டிக்கொண்டபோது அம்மா மகள் பக்கம் நின்றாள். அது பொறுக்காமல், அந்த ஆடி அமாவாசைக்கு இங்கே வந்து, உயிரோடிருந்த தங்கைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தலைமுழுகியவர் அவர். அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொன்னார். அம்மாவின் காதுக்கும் வந்தது.

துரைக்கண்ணு பையிலிருந்து பட்டை வெளியே எடுத்தார்.

"அப்ப ஏதோ கோவம்மா."

"இருக்கட்டும். ஒருத்திக்கு எத்தினி சாவு? உங்க தங்கச்சிக்கு நீங்க செஞ்சி முடிச்சாச்சி. இவங்க எங்கம்மா." ஐயரிடம் திரும்பினாள். "பூவம்மாள்."

"இந்தக் கோடியாவது வாங்கிக்கமா."

அவள் கலயத்தை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினாள். மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

கரைத்துவிட்டு வந்து முந்தானையைப் பிழிந்தாள்.

"வண்டிய எடுங்க."

"மாமா ஏறலியே," என்றான் சாமுவேல்.

"வழி தெரிஞ்சவருதான்."

சாமுவேல் சாவியைத் திருப்பாமல் கடலையே பார்த்திருந்தான். அவளும் பார்த்தாள். துரைக்கண்ணு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முழுகி முழுகி எழுந்தார். தலைக்கு மேல் தூக்கிய கைகளிலிருந்த பட்டை மட்டும் நனையவிடவில்லை.